மூன்றாவது பெஞ்சு

கேட்டுக்குள் வந்து இடதுகைப் பக்கம்
மூன்றாவது பெஞ்சு.
தென்பெண்ணையைப் பார்த்த மாதிரி போட்டிருக்கும்.
நாலு மணிக்கு மேல் உட்காரலாம், சுடாது,
புங்கன் நிழல் அதுவரை எட்டிவிடும்.

அந்தப் புங்கன் நிற்கிற இடத்தில்தான்
பெரிய வாள் ஓடிக்கொண்டிருந்தது.
பதினோரு வருசம்,
கல் அறுக்கிற சத்தத்துக்குள்
உதட்டைப் பார்த்தே பேசிக்கொண்டோம்.
ஆற்றில் உறிஞ்சின தண்ணீர்
கல்மேல் விழுந்து
வெள்ளைச் சேறாகி
ஆற்றுக்கே திரும்பிப் போகும்.
சாயங்காலம் என் புருவம் நரைத்திருக்கும்,
குளித்தால் கறுத்துவிடும்.
கெம்பராஜுக்கு நெஞ்சுக்குள் போனது
எத்தனை குளித்தும் வரவில்லை.

கம்பெனியைப் பூட்டின அன்று
மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
மோட்டாரை பேங்க்காரர்கள் கழற்றிப் போனார்கள்,
தகரத்தை யாரோ.
அதற்குப் பின் ஏழு வருசம்
ஆமணக்கும் பாட்டில் சில்லும்.

பேரூராட்சி பச்சைத் துணி கட்டி மறைத்தபோது
பூங்கா என்றார்கள்.
தினக்கூலிக்கு ஆள் வேண்டும் என்றார்கள்.
வந்தேன்.
தோண்டத் தோண்ட அதே சேறு, காய்ந்து, அடுக்கடுக்காய்.
நாற்பது லாரி அள்ளினோம்.
எங்கே கொட்டினார்கள் என்று
நான் கேட்கவில்லை.

முதலில் வைத்த முந்நூறு கன்றில்
இருநூற்றுப் பத்து பட்டுப்போனது.
ஓவர்சீயர் ஷாஹிதா ஒரு பிடி எடுத்துக் கசக்கி
‘மண்ணே இல்லைக்கா, மாவு’ என்றாள்.
மாங்கூழ் ஃபேக்டரியில் கழித்த தோலையும் கொட்டையையும்
டிராக்டர் டிராக்டராய் வரவழைத்தாள்.
ஒரு மாதம் காவேரிப்பட்டணமே
மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ் ஏறியது.
கவுன்சிலர் வந்து கத்திவிட்டு
ஈ விரட்டிக்கொண்டே போனார்.

பிறகு ஒரு காலையில்
யாரும் விதைக்காத துத்தி.
அடுத்த வாரம்
யாரும் நடாத மாஞ்செடிகள், நூற்றுக்கணக்கில்.
வரைபடத்தில் மா இல்லை,
பிடுங்கச் சொன்னாள்.
பிடுங்கினேன். ஏழு தவிர.
எண்ணினால் தெரிந்துவிடும்.
அவள் எண்ண மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

பெஞ்சுக்குக் கல் வாங்கக் காசில்லை.
சுவரோரம் கிடந்த ரிஜெக்ட்டைப்
புரட்டிப் போடச் சொன்னார்கள்.
கறுப்புக் கல் ஒன்று,
பார்த்ததும் தெரிந்தது. என் கை பாலிஷ்.
கப்பல் ஏற வேண்டிய கல்லறைப் பலகை.
எந்த நாட்டு அம்மாவோ,
அவள் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டான்
கொத்துகிற திம்மராயன்.
அவனுக்கு அந்த பாஷை தெரியாது.
தாளில் இருந்த கோட்டைப் பார்த்து
கோடு கோடாய் வெட்டினவன்.
ஓர் எழுத்துக்கு இரண்டு வாரக் கூலி பிடித்தார்கள்.

பெயர் அடியில் இருக்கட்டும் என்றேன்.
மேஸ்திரி ஏன் என்று கேட்கவில்லை.

பெருக்கும்போது சில நாள்
அடியில் கைவிட்டுத் தடவிப் பார்ப்பேன்.
சிலந்தி நூல். அப்புறம் எழுத்து,
விட்டுப்போன இடத்தில் வழவழப்பு.
மேலே சர்க்கரைக்காரர்கள் மூச்சு வாங்குவார்கள்.
பாலிடெக்னிக் ஜோடி ஒன்று
ஒரே இயர்போனைப் பங்குபோட்டுக்கொள்ளும்.
அணை திறக்கிற நாட்களில்
தண்ணீரோடு நுரையும் வரும்.
பிள்ளைகள் மேகம் மேகம் என்று கைதட்டும்.
ஷாஹிதா போனை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய்
யாரிடமோ சத்தம் போடுவாள்.
நுரை அதன் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும்.

போன ஞாயிறு திம்மராயன் வந்தான்.
கூட்டம். வேறெங்கும் இடமில்லை.
மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.
சொல்லலாமா என்று
தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி நின்றேன்,
ஒரே செடிக்கு ஊற்றிக்கொண்டு.

விளிம்பை ஒரு முறை
விரலால் ஓட்டிப் பார்த்தான்.
‘நல்ல பாலிஷ்’ என்றான்.
‘ஆமா’ என்றேன்.